கூட்டத்து மிட்டாய்

ஒரு பிரதிதான் அம்மிணி. உங்கள் காதில் விழுந்தது சரிதான். ஆயிரம் இல்லை, ஐந்நூறு இல்லை, ஒன்று.

சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். இந்த அச்சகத்துக்கு நாற்பத்திரண்டு வருடமாக வருகிறேன். உங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த பொன்னுச்சாமி இப்போது இருந்திருந்தால், "என்ன தோழர், புரட்சி ஒத்தை ஆளுக்குச் சுருங்கிப்போச்சா?" என்று கேட்டிருப்பார். அவருக்குக் கண் ஆபரேஷன் என்றார்கள். என் கையெழுத்தைப் படித்தே கண் போயிருக்கும் பாவம். உங்களைத் தோழர் என்று கூப்பிடட்டுமா? வேண்டாமா? சரி, அம்மிணி என்றே இருக்கட்டும்.

நான் நாச்சிமுத்து. பனியன் தொழிலாளர் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் முழுநேர ஊழியன். பிறகு சங்கத்துக்கு என்னைப் பிடிக்கவில்லை, எனக்கும் சங்கத்தைப் பிடிக்கவில்லை. அது வேறு கதை. இது நோட்டீஸ். என் தம்பி மகள் கையில் கொடுப்பதற்கு. அவள் என்னை வீட்டுக்குள் விட்டு நாற்பது நாளாகிறது. போன வாரம் வாசலில் போய் நின்றேன். பேச வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "நீங்க பேச ஆரம்பிச்சா மேடையாயிருதுங்க பெரியப்பா. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுதிக் கொண்டாங்க. படிச்சுக்கறேன்" என்றாள். அதனால்தான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் என் கையெழுத்தைப் பார்த்தாலே கிழித்துப் போடக்கூடும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதனால் அச்சில்.

என்ன, முதல் வரியே இடிக்கிறதா? 'அன்பார்ந்த பொதுமக்களே, உழைக்கும் தோழர்களே' என்று இருக்கிறது, ஒருத்தர் படிப்பதற்கு எதற்குப் பொதுமக்கள் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. எனக்கு வேறு மாதிரி ஆரம்பிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு சரி. மிச்சமெல்லாம் துண்டுப் பிரசுரங்களில் படித்ததுதான். இருபத்தெட்டாவது வயதில் ஒரு பெண்ணுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் கடைசியில் மூன்று கோரிக்கைகள் இருந்தன. கொடுக்கவில்லை. கல்யாணமும் ஆகவில்லை.

அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

தம்பி, அவள் அப்பன், சாயப்பட்டறை விபத்தில் போனான். அப்போது அவளுக்கு ஆறு வயது. நான்தான் வளர்த்தேன். பேர் வைத்ததும் நான்தான், கனல்மொழி என்று. ஆபீசில் மொழி என்று மட்டும் சொல்லிக்கொள்கிறாள், கனலை விட்டுவிட்டாள். எழுத்துப் பழகியது என் நோட்டீஸ்களைப் பார்த்து. அவள் முதலில் எழுத்துக் கூட்டிப் படித்த சொல் அம்மா இல்லை, 'கண்டனம்'. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை.

அவள் மகள் மகிழினி. நாலரை வயது. இந்த நோட்டீஸ் அவளைப் பற்றியதுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இதற்கு மூலகாரணம் போலீஸ் ஸ்டேஷன். இரண்டாவது பத்தியில் எழுதியிருக்கிறேன் பாருங்கள். எங்கள் தெரு முனையில் ஒரு பெட்டிக்கடை. அங்கே கஞ்சா சாக்லேட் விற்றார்கள். கேள்விப்பட்டிருப்பீர்கள். மினுமினுக்கிற தாளில் சுற்றி, மேலே சிங்கமோ சாமியாரோ படம் போட்டு, ஏதோ லேகியம் மாதிரி இந்தியில் எழுதியிருக்கும். யார் வாங்குகிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் வடக்கத்திப் பையன்களைக் கைகாட்டுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதினாறு மணி நேரம் தையல் மிஷின் முன்னால் உட்கார வைத்தால் அவன் எதைத் தின்று உட்காருவான்? உட்கார வைத்தவன் பேர் எந்தப் பேப்பரிலும் வருவதில்லை. அது மூன்றாவது பத்தி.

நானும் மூன்று பேரும் சேர்ந்து போதை எதிர்ப்புக் குழு ஆரம்பித்தோம். மூன்று பேரில் ஒருவர் டீக்கடை ஆறுக்குட்டி. மற்ற இருவர் கூட்டம் போட்டால் பெஞ்சு தூக்குவார்கள், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை ஆறுக்குட்டி மூலமாக அந்தக் கடையிலிருந்து ஆறு துண்டு வாங்கினோம். ஒவ்வொரு தாளின் மேலும் நீலப் பேனாவில் நம்பர் போட்டு, தேதி போட்டேன். சான்று ஒன்று, சான்று இரண்டு என்று ஆறு வரை. வேலையை முறையாகச் செய்ய வேண்டும் அம்மிணி. ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் இருந்தார். "வெச்சுட்டுப் போங்க, இன்ஸ்பெக்டர் வந்தா சொல்றேன்" என்றார். "ஒப்புகைச் சீட்டு குடுங்க" என்றேன். பக்கத்திலிருந்த கான்ஸ்டபிள் சிரித்தான். "முட்டாய்க்கெல்லாம் சீட்டுப் போட்டுத் தர முடியுங்களா பெரியவரே?" என்றான்.

நான் நாற்பத்திரண்டு வருடத்தில் ஒப்புகை வாங்காமல் ஒரு துண்டுக் காகிதத்தை எந்த அதிகாரியிடமும் கொடுத்ததில்லை. கொடுத்தால் அது காற்றில் போய்விடும், பிறகு நம்மைப் பார்த்து நீ எப்போது கொடுத்தாய் என்பார்கள். "சீட்டு இல்லாம தரமாட்டேன். திங்கக்கிழமை மனுநாள்ல கலெக்டர்கிட்டயே குடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். ரைட்டர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஐயா, அதை வெச்சிருக்கறது உங்களுக்குத்தான் கேசுங்க, குடுத்துட்டுப் போங்க" என்றார். மிரட்டுகிறார் என்று நினைத்தேன். மிரட்டல்தான் அது. இல்லையா?

சரி. வைத்துக்கொண்டேன். பையில்.

பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதோ, இந்த ஜோல்னாப் பைதான். இதில் உள்ளே ஒரு அறை, வெளியே சின்னதாக ஒரு பை. உள்ளே மனுக்கள், நோட்டீஸ்கள். வெளிப்பையில் மிட்டாய். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் திரும்பும்போது மகிக்கு ஆரஞ்சு மிட்டாயோ கடலை மிட்டாயோ வாங்கி அதில் போட்டு வருவேன். அவள் அதற்கு வைத்த பேர் கூட்டத்து மிட்டாய். நான் படியேறும்போதே, "தாத்தா, இன்னைக்கு என்ன கூட்டமுங்க?" என்பாள். "கண்டனக் கூட்டம் கண்ணு" என்றால் நிறைய இருக்கும் என்று அர்த்தம். "செயற்குழு" என்றால் முகம் தொங்கிவிடும். செயற்குழு அவ்வளவு சுருக்காக முடியாது, கடைக்குப் போக நேரம் இருக்காது. அவளே கணக்கு வைத்திருந்தாள்.

ஆரம்பத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். "குடுங்க தாத்தா." எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு குழந்தை ஏன் கையை நீட்ட வேண்டும்? அவளை மடியில் உட்கார வைத்துச் சொன்னேன். உன் பங்கு பையில் இருக்கிறது. யாரிடமும் கேட்காதே. கேட்டு வாங்கினால் அது தானம். நீயே எடுத்துக்கொண்டால் அது உரிமை. அவளுக்கு என்ன புரிந்ததோ, அடுத்த நாளிலிருந்து கேட்பதை விட்டுவிட்டாள். நேராக வந்து கையை விட்டு எடுப்பாள். ஆணியில் தொங்கும் பை ஆடுவதைப் பார்த்தால் மகி வந்து போயிருக்கிறாள் என்று தெரியும். கனல்மொழிக்கு இது பிடிக்கவில்லை. "கேக்காம எடுக்கறத வேற யார் வீட்டுலயும் பண்ணிருவாளுங்க பெரியப்பா" என்பாள். அவள் புருஷன் யுவராஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். சூப்பர்வைசர்கள் வீட்டில் பேசுவதில்லை.

நீங்கள் நினைப்பது புரிகிறது. சான்றை ஏன் வெளிப்பையில் வைத்தாய் என்று கேட்கிறீர்கள். வாய்விட்டுக் கேட்கவில்லை, கண்ணால் கேட்கிறீர்கள். வெயில் காலம் அம்மிணி. அது இளகுகிற சாமான். உள்ளே கலெக்டருக்கு எழுதிய மனு இருந்தது, நாற்பது பேர் கையெழுத்தோடு. மனுவில் கறை படக்கூடாதே.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து மனுவுக்கு இணைப்பு எழுதிக்கொண்டிருந்தேன். மகி எடுத்தது அப்போதுதான். இரண்டு துண்டு. பத்து மணி இருக்கும்.

பதினொன்றுக்குச் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பார்த்துச் சிரித்தாள், தன் கையைப் பார்த்துச் சிரித்தாள். கனல்மொழியும் கூடச் சிரித்தாள். "என்னடி, யார் கிச்சுக்கிச்சு மூட்டறாங்க?" என்றாள். பிறகு மகி எழுந்து நடந்தாள். கால் இரண்டும் வேறு வேறு ஆளுக்குச் சொந்தம் மாதிரி. கதவில் போய் மோதிக்கொண்டு அழாமல் அப்படியே கீழே உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. "தூக்கம் வருதும்மா" என்றாள். கொஞ்ச நேரத்தில் எழுப்பினால் எழவில்லை. தூக்கினால் கழுத்து பின்னால் சாய்ந்தது. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். தலையில் அடிபட்டதா, காய்ச்சல் இருந்ததா, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டார். கனல்மொழி எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் பார்த்து, "மாத்திரை, எலிமருந்து, வேற ஏதாவது வாயில போட்டாளா? வீட்டுல யார்கிட்டயாவது ஏதாவது இருந்துச்சா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. யாரையும் மாட்டிவிட இல்ல, வைத்தியத்துக்குத்தான் கேக்கறேன்" என்றார்.

அவருக்குப் பின்னால் இரண்டடியில் ஒரு மேஜை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் போலீஸ் அவுட்போஸ்ட் ஏட்டு அதில் உட்கார்ந்து ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். எனக்கு இருபத்தாறு வயதில் பஞ்சப்படிப் போராட்டம். அப்போது நோட்டீஸ் அடிக்க எங்களிடம் ஒரு சைக்ளோஸ்டைல் மிஷின் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று என்னைப் பிடித்துக்கொண்டுபோய் இரண்டு நாள் அடித்தார்கள். இந்த இடது கை விரல் இரண்டும் மடங்காது, பாருங்கள். நான் சொன்னது ஒரே வார்த்தைதான். தெரியாது. மூன்றாம் நாள் வெளியே வந்தபோது கேட்டில் இருநூறு பேர் நின்றார்கள். தோளில் தூக்கினார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் அம்மிணி நான் ஆளானேன்.

டாக்டரம்மா கேட்டார். நான் சொன்னேன், தெரியாது.

எனக்கு அப்போது உறுதியாகத் தெரியாது என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சந்தேகம் வந்தது.

ஏன் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டீர்கள்?

சரி. வீட்டிலேயே தெரியும். அவள் கதவில் மோதி உட்கார்ந்தபோதே எழுந்துபோய் வெளிப்பையில் கைவிட்டுப் பார்த்தேன். நான்கு இருந்தது. ஆட்டோவில் அவள் தலை என் மடியில்தான் இருந்தது. தெரிந்துகொண்டேதான் போனேன்.

மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்றார்கள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. முதுகெலும்பில் ஊசி விட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். கையெழுத்துக் கேட்டார்கள், யுவராஜ் போட்டார். அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை. ஒரு வேலையாக வெளியே போனேன். சான்றைக் காப்பாற்ற வேண்டும் இல்லையா? போலீஸ் வீட்டுக்கு வந்தால் முதலில் பையைத்தான் எடுப்பார்கள், நாற்பது பேர் கையெழுத்தும் வீணாகும். பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். நான்கு துண்டையும் ஆறுக்குட்டி கடையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுத் திரும்பினேன். ஆறுக்குட்டி கேட்டார், "புள்ளைக்கு என்னங்க தோழர்?" என்று. "காய்ச்சல்" என்றேன்.

திரும்பி வந்தபோது யுவராஜ் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேசாத மனிதர் பேசினார். "ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, முழங்கால நெஞ்சோட சேத்து, வில்லு மாதிரி வளைச்சுப் புடிச்சுக்கச் சொன்னாங்க மாமா. நான்தான் புடிச்சேன். பாதி மயக்கத்துலயும் கத்துனா. ரெண்டு தடவ குத்துனாங்க. மொதல்ல சரியா வரல" என்றார். தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கையால் நான் அதுவரை ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை, முதலாளி பக்கத்து ஆள் என்று.

இரண்டரை மணிக்கு மூச்சு மெதுவாகிவிட்டது என்று உள்ளே தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். கவுன் கழற்ற வேண்டியிருந்தது. நர்ஸ் அதைச் சுருட்டி கனல்மொழி கையில் கொடுத்தார். பாக்கெட்டில் சரசரவென்று ஏதோ. மகி மினுமினுக்கிற தாளைத் தூக்கிப் போட மாட்டாள், மடித்துப் பொம்மைக்குக் கம்மல் செய்வாள். இரண்டு தாள். கனல்மொழி பிரித்தாள். சான்று நான்கு. சான்று ஐந்து. நீலப் பேனா. என் 'ன்' சுழி அவளுக்குத் தெரியாதா? அதைப் பார்த்துத்தானே எழுதப் பழகினாள்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

டாக்டரம்மா பிறகு வெளியே வந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "இதுக்குன்னு மாத்து மருந்து கிடையாதுங்க. மூச்சையும் நாடியையும் பாத்துக்கிட்டே இருக்கணும், தானா இறங்கணும். பெரியவங்களுக்கே ஒரு துண்டு அதிகம், இவ எடை பதினாலு கிலோ" என்றார். அப்புறம் என்னிடம் மட்டும், "வந்ததும் சொல்லியிருந்தா முதுகுல குத்தியிருக்க மாட்டோம் ஐயா" என்றார். ஐயா என்று சொன்னார் அம்மிணி. என்னை ஏட்டு அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மூக்கில் குழாயோடு அன்றைக்கும் மறுநாளும் கிடந்தாள். திங்கட்கிழமை நான் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன்.

போனேன்தான். ஏன் பார்க்கிறீர்கள்? நாற்பது பேர் கையெழுத்து. ஆஸ்பத்திரியில் எனக்கு என்ன வேலை? கனல்மொழி நாற்காலியை எனக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு துண்டையும் மேஜை மேல் வைத்தேன். ஒப்புகை வாங்கினேன். புதன்கிழமை கடைக்கு சீல் வைத்தார்கள், கடைக்காரனைப் பிடித்தார்கள். அது வெற்றி. அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. அன்றைக்கே இந்த அச்சகத்தில்தான் பொன்னுச்சாமி ஆயிரம் நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார். 'நாலரை வயதுப் பிஞ்சு உயிருக்குப் போராட்டம். கஞ்சா மிட்டாய் கொடுத்தது யார்? தூங்கும் காவல்துறையே பதில் சொல்!' ரோஸ் கலர்த் தாள். உங்கள் கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கும். நல்ல நோட்டீஸ்.

மகி அதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை காலையிலேயே, கண் விழித்துவிட்டாள். தண்ணீர் கேட்டாளாம். நான் புதன்கிழமை சாயந்திரம் ஆஸ்பத்திரி வாசலில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். யாரோ பார்வையாளர் அதை வார்டுக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். கனல்மொழி கீழே இறங்கி வந்தாள், கையில் ரோஸ் தாள். நாலு பேர் பார்க்கத்தான் சொன்னாள், ஆனால் மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு தடவ படிச்சுப் பாத்துட்டேன் பெரியப்பா. இதுல எம்பொண்ணு இருக்கா, போலீஸ் இருக்கு, கடைக்காரன் இருக்கான், மொதலாளி இருக்காரு. நீங்க எங்கயும் இல்லீங்களே."

நான் சொன்னேன், தனிமனிதப் பிரச்சினையை முன்னால் வைத்தால் போராட்டம் திசைமாறிவிடும் கண்ணு என்று. அவள் தாளை நாலாக மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். "உங்க துணியெல்லாம் மூட்டை கட்டி வெக்கச் சொல்றேன். வீட்டுக்கு வர வேண்டாமுங்க" என்றாள்.

இப்போது சங்கம் கைவிட்ட பழைய ரூமில் இருக்கிறேன். பையை மாட்ட ஆணி இருக்கிறது. ஆடுவதில்லை.

இரண்டாவது பத்தியை எடுத்துவிடலாம் என்கிறீர்களா? ஸ்டேஷன் பத்தி? ம். மூன்றாவதையும் எடுங்கள். கம்பெனி எங்கேயும் போகாது, அதற்கு வேறு நோட்டீஸ் போடலாம். ஆஸ்பத்திரி பற்றி எழுதியதில், 'பதற்றத்தில் தகவல் தெரிவிக்கச் சற்றுத் தாமதமானது' என்று ஒரு வரி இருக்கிறதே, அதையும். அவளுக்கு அது தெரியும். பதினொன்றரையிலிருந்து இரண்டரை. மூன்று மணி நேரத்துக்குச் சற்று என்று பேர் வைத்தால் முதல் வரியிலேயே கிழித்துவிடுவாள்.

அப்புறம் என்னதான் இருக்கிறது நோட்டீசில் என்கிறீர்கள்.

போன வாரம் வாசலில் நின்றேன் என்றேனே. அன்றைக்குக் கதவு பாதி திறந்திருந்தது. மகி உள்ளே தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். உடம்பு நன்றாகத் தேறிவிட்டது, கன்னம்கூட வந்துவிட்டது. டாக்டர் பயமில்லை என்று சொல்லிவிட்டாராம். அவள் பக்கத்தில் அவளுடைய கலர் பென்சில் டப்பா. அவளுடையது, நான் வாங்கிக் கொடுத்தது. அதைத் தொடாமல் சமையலறைப் பக்கம் பார்த்து, "அம்மா, செவப்பு எடுத்துக்கட்டுங்களா?" என்றாள். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மறுபடியும், "எடுத்துக்கட்டுங்களாம்மா?" என்றாள். "எடுத்துக்கோ" என்று சத்தம் வந்த பிறகுதான் டப்பாவைத் திறந்தாள். சிவப்பு முடிந்து பச்சை. அதற்கும் கேட்டாள். குடிக்கத் தண்ணீருக்கும் கேட்டாள். பாத்ரூம் போகவும் கேட்டாள்.

கனல்மொழிதான் சொல்லி வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் கையில் ஒரு அடியும் போட்டாளாம். பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்னார். "கேக்காம எடுத்தியே, கேக்காம எடுத்தியே" என்று சொல்லிச் சொல்லி அடித்துவிட்டு, பிறகு கட்டிக்கொண்டு அழுதாளாம். கேட்காமல் எடுத்ததால்தான் வந்தது என்று அவள் நினைக்கிறாள். மகியும் அப்படித்தான் நம்புகிறாள். அந்தக் காலை எதுவும் அந்தக் குழந்தைக்கு நினைவில்லை அம்மிணி. துடைத்துவிட்டது. டாக்டரும் அப்படி ஆகும் என்றாராம்.

எனக்கு நினைவிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் பையில் கையை விட்டாள். எடுத்துக்கொண்டு ஓடவில்லை. வந்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றாள். "தாத்தா, இது வேற மிட்டாயா இருக்குதுங்க. பேனாவுல எழுதியிருக்குது. எடுத்துக்கட்டுங்களா?" என்றாள்.

எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் கேட்டாள். வித்தியாசமாக இருக்கிறது என்று அந்தக் குழந்தைக்குத் தோன்றியிருக்கிறது. நான் தலையைத் தூக்கவில்லை. இணைப்பில் 'அலட்சியப் போக்கு' என்று எழுதிக்கொண்டிருந்தேன், அந்தச் சொல் இன்னும் கண்ணில் நிற்கிறது. எரிச்சலாக வந்தது. "என்ன கண்ணு சொல்லிக் குடுத்திருக்கேன்? கேக்கக் கூடாது. எடு" என்றேன். "ரெண்டுங்களா?" என்றாள். "உன் பங்கு எத்தனையோ அத்தனை" என்றேன்.

இதைக் கலெக்டருக்குச் சொல்லவில்லை. டாக்டருக்குச் சொல்லவில்லை. கனல்மொழிக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன், உங்கள் பேர்கூட எனக்குத் தெரியாது.

அதை அடியுங்கள். ஆமாம், நான் சொல்லச் சொல்ல. 'கனல்மொழிக்கு. மகிழினி கேட்காமல் எடுக்கவில்லை. கேட்டாள். எடு என்று சொன்னவன் நான். அவளை அடிக்க வேண்டாம்.' கீழே 'இவண், நாச்சிமுத்து'. இவண் வேண்டாமா? சரி, எடுங்கள். பெரியப்பா என்று போடுங்கள். இல்லை, அதை இப்போது அவள்தான் முடிவு செய்ய வேண்டும். பேர் மட்டும் இருக்கட்டும்.

இவ்வளவு சின்னதாக நான் எதுவும் எழுதியதில்லை. காகிதத்தில் முக்கால்வாசி காலியாக இருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் அந்த ஸ்டேஷன் ரைட்டர் சீட்டுக் கொடுக்க மறுத்ததை மட்டும் ஒரு வரி…

இல்லை. வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.

எழுத்தைப் பெரிதாக்க வேண்டாம். ரோஸ் தாள் வேண்டாம், வெள்ளையில் எடுங்கள். யுவராஜ் கம்பெனிக்குப் போகும் நேரம் பார்த்து அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவர் கையிலிருந்து அவள் வாங்கிப் படிப்பாள். நான் தெருவிலேயே திரும்பிவிடுவேன்.

ஒப்புகை கேட்க மாட்டேன்.